சக்கரம் தரையை விடக்கூடாது: மலைப்பாதையில் லொறி பழகுதல்

ஹட்டனில் லொறி பழகப் போனபோது, தோட்டப் பாதையின் மேடுபள்ளங்களில் வண்டியைத் துள்ளவிட்டு எடுப்பதுதான் திறமை என்று நினைத்திருந்தேன். "தம்பி, சக்கரம் தரைய விட்டா பிரேக்கும் இல்ல, ஸ்டியரிங்கும் இல்ல" என்றார் மாஸ்டர். பின்னால் கொழுந்து மூட்டைகளோடு ஆட்களும் இருப்பார்கள். துள்ளலில் தூக்கி வீசப்படுவது அவர்கள்தான்.

அவர் பழக்கியவை மூன்று.

மேடு: அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஏறும்போது பிரேக்கை விட்டுவிட வேண்டும். மிதித்தபடி ஏறினால் முன்வில் அமுங்கி அடி பலமாக விழும்.

இறக்கம்: இறங்கத் தொடங்குமுன் சிறிய கியருக்கு மாற்ற வேண்டும். வண்டியை இயந்திரமே பிடித்துக்கொள்ளும். பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். காற்றுப் பிரேக்கை அடிக்கடி மிதித்தால் தாங்கியில் காற்றும் குறையும். நியூட்ரலில் இறக்கவே கூடாது.

பாரம்: மூட்டைகளைத் தாழ்வாக அடுக்கி இறுகக் கட்ட வேண்டும். வளைவில் பாரம் சரிந்தால் லொறியும் சரியும்.

நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் 2023 ஜனவரி 20 இரவு பஸ், வான், முச்சக்கரவண்டி மோதி 7 பேர் இறந்தார்கள். தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் 2024 ஏப்ரல் 21 அன்று தடம் விலகிய கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்ததிலும் 7 பேர். மூடிக்கட்டிய பந்தயத் தடத்திலேயே அப்படியென்றால், ஓரத்தில் பள்ளமும் லயமும் உள்ள பாதையில் துள்ளலுக்கு இடமில்லை.

போர் முடிந்த பின் லொறி ஓட்டிப் பிழைக்க வந்த எனக்கு அந்த ஒரு பாடமே இன்றுவரை சோறு போடுகிறது. இறக்கத்தின் தலையில் வண்டியை நிறுத்தி, பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்த்து, கியரை இறக்கிய பிறகே நகர்கிறேன்.