எக்ஸ்ரே படத்தைப் படிப்பவர் யார்? கதிரியல் நிபுணர் உருவாகும் நீண்ட பாதை

அரசாங்க மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வெளியே வருபவர்களில் பலர், படம் எடுத்தவரிடமே "என்ன தெரியுது?" என்று கேட்பார்கள். அவரும் "டாக்டர் சொல்வார்" என்று அனுப்பிவிடுவார். அது தட்டிக்கழிக்கும் பதில் அல்ல. படம் எடுப்பவர் ஜூரு எக்ஸ்ரே. நோயாளியைச் சரியாக நிறுத்தி, தேவையான அளவு கதிரை மட்டும் செலுத்திப் படம் பிடிப்பதற்கென்றே படித்தவர். அந்தப் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது ரேடியோலஜிஸ்ட் எனப்படும் கதிரியல் நிபுணரின் வேலை. நோயாளி அவரது முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். ஆனால் அறுவை சிகிச்சையா, மாத்திரையா, வீட்டுக்கு அனுப்பலாமா என்பது பல நேரங்களில் அவர் எழுதும் நான்கு வரிகளைப் பொறுத்தே முடிவாகிறது.

அந்த நான்கு வரிகளைத் தனியாக எழுதும் தகுதி வர எத்தனை ஆண்டுகள் ஆகும்? மருத்துவப் பட்டத்துக்கு 5 ஆண்டுகள். ஹவுஸ்மேன் பயிற்சி 2 ஆண்டுகள். பிறகு மருத்துவ அதிகாரியாகச் சில ஆண்டுகள் வேலை. அதற்கு மேல்தான் 4 ஆண்டு கதிரியல் முதுகலை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் லெம்பா பந்தாய் மருத்துவமனை, மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் செராஸ் மருத்துவமனை, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் குபாங் கெரியான் மருத்துவமனை ஆகியவை இப்பயிற்சியில் முக்கியமானவை. சிங்கப்பூரில் 2010 முதல் நடைமுறையில் உள்ள ரெசிடென்சி முறையில் இதற்கு 5 ஆண்டுகள். பிரிட்டனின் அரச கதிரியல் கல்லூரி நடத்தும் எஃப்.ஆர்.சி.ஆர். தேர்வுகள் இரு நாட்டு மருத்துவர்களுக்கும் பழக்கமானவை.

பிள்ளையை டாக்டருக்குப் படிக்கவைத்த பெற்றோர், பட்டமளிப்பு விழாவோடு செலவும் கவலையும் தீர்ந்தன என்று நினைத்துவிடுகிறார்கள். நிபுணராகும்போது அந்தப் பிள்ளைக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். அரசாங்க ஊழியர்களுக்குக் கூட்டரசு பயிற்சிப் பரிசு எனும் எச்.எல்.பி. உதவி உண்டு, அதை ஏற்பவர் பிறகு குறிப்பிட்ட காலம் அரசாங்கத்துக்கு உழைத்துக் கொடுக்க வேண்டும். 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டதும் இந்த வழி பலருக்குக் குறுகியது. 2021 ஜூலை 26-ஆம் தேதி ஒப்பந்த மருத்துவர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றதற்கு, நிபுணத்துவப் பயிற்சிக்கு உறுதியான வழி இல்லை என்பதும் ஒரு முக்கியக் காரணம்.

பயிற்சிக்குள் நுழைந்தவருக்கு முதலில் கிடைப்பது இயற்பியல் பாடம். எஸ்.டி.பி.எம்மோடு விட்டுவிட்ட பாடம் திரும்ப வந்து நிற்கும். கதிர் எப்படி உருவாகிறது, உடலில் எவ்வளவு தங்குகிறது என்பது தெரியாமல் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. ஒரு மார்பு எக்ஸ்ரேயில் உடலில் படும் கதிர், இயற்கையாகவே சில நாட்களில் நம்மீது படும் கதிருக்குச் சமம். வயிற்றுக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேனில் அதுவே இரண்டு மூன்று ஆண்டுகளின் அளவுக்குப் போய்விடும். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இந்தக் கதிர் கிடையாது. ஆகவே வார்டிலிருந்து "சி.டி. வேண்டும்" என்று கோரிக்கை வந்தால், பயிற்சி மருத்துவர் உடனே தலையாட்டுவதில்லை. எதைத் தேடுகிறீர்கள், அல்ட்ராசவுண்ட் போதாதா என்று கேட்கிறார். "எதற்கும் ஒரு ஸ்கேன் போட்டுப் பாருங்களேன்" என்று குடும்பத்தார் நெருக்கும்போது மறுப்பு வந்தால், அது அலட்சியம் ஆகாது.

அடுத்தது கண்ணைப் பழக்குவது. பார்த்தவுடன் தெரிவதை மட்டும் சொல்லிவிட்டால் போதாது. விலா எலும்பு முறிவு ஒன்று கண்ணில் பட்டதும் மனம் திருப்தியடைந்து தேடுவதை நிறுத்திவிடும். நுரையீரல் உச்சியில் இருக்கும் சிறு புள்ளி அப்படியே தவறிவிடும். அதனால் ஒவ்வொரு மார்புப் படத்திலும் நுரையீரல் உச்சி, இதயத்தின் பின்புறம், உதரவிதானத்துக்குக் கீழே, எலும்புகள் என்று ஒரே வரிசையில் பார்க்கப் பழக்குகிறார்கள். சலிப்பூட்டும் பழக்கம்தான். அது ஏன் தேவை என்பதை 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நுரையீரல் சி.டி. படங்களுக்குள், வழக்கமாகத் தேடும் கட்டியைப்போல் 48 மடங்கு பெரிய கொரில்லா உருவம் ஒன்றைச் சேர்த்து, 24 கதிரியல் நிபுணர்களிடம் கட்டியைத் தேடச் சொன்னார்கள். 20 பேர் கொரில்லாவைக் கவனிக்கவே இல்லை. தேர்ந்த கண்ணும் தான் தேடுவதை மட்டுமே பார்க்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. இல்லாததை இருக்கிறது என்று சொல்வது. எஃப்.ஆர்.சி.ஆர். இறுதித் தேர்வில் பல ஆண்டுகளாக ஒரு பகுதி இருந்தது: 35 நிமிடங்களில் 30 எக்ஸ்ரே படங்கள். அவற்றில் பலவற்றில் எந்தக் கோளாறும் இருக்காது. கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு இருந்த அதே மதிப்பு, "இது சரியான படம்" என்று துணிந்து எழுதுவதற்கும் இருந்தது. சந்தேகத்தில் எதையாவது எழுதிவைத்தால் நோயாளிக்குத்தான் தேவையற்ற ஊசியும் ஸ்கேனும் தூக்கமில்லாத இரவும்.

"ஒன்றுமில்லை" என்று சொல்வதன் கனம் இரவுப் பணியில்தான் புரியும். நள்ளிரவு தாண்டி, ஒரு பக்கம் கைகால் விழுந்து பேச்சுக் குழறிய ஒருவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள். பக்கவாதம். மூளையில் இரத்தக்குழாய் அடைத்திருந்தால் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்கலாம். வழக்கமாக அதற்கு உள்ள அவகாசம் 4.5 மணி நேரம். ஆனால் குழாய் வெடித்து இரத்தம் கசிந்திருந்தால் அதே மருந்து ஆளைக் கொன்றுவிடும். இரண்டும் வெளியே ஒன்றுபோலவே தெரியும். சி.டி. எடுத்தால்தான் பிரிக்க முடியும். புதிய இரத்தக்கசிவு படத்தில் வெள்ளையாகத் தெரியும். அடைப்போ, முதல் சில மணி நேரத்தில் ஏறக்குறைய எதையும் காட்டாது. அப்போது படம் சுத்தமாக இருக்கிறது என்பதே விடை. அந்த விடையை நம்பித்தான் மருந்து ஏறும். அந்நேரத்தில் திரையின் முன்னால் இருப்பவர் பெரும்பாலும் பயிற்சியிலிருக்கும் மருத்துவர். சந்தேகம் வந்தால் வீட்டில் தூங்கும் மூத்த நிபுணரைத் தொலைபேசியில் எழுப்ப வேண்டும். எழுப்பத் தயங்குபவர் இந்தத் துறைக்கு ஆபத்தானவர் என்பது பயிற்சியின் தொடக்கத்திலேயே சொல்லப்படும் பாடம்.

இறுதித் தேர்வும் ஆய்வுக் கட்டுரையும் முடிந்த பின்னரும், சில மாதங்கள் மேற்பார்வையில் வேலை பார்க்க வேண்டும். பிறகு தேசிய நிபுணர் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும்.

நோயாளிகளும் இந்த வேலையில் பங்கு வகிக்கலாம். பழைய எக்ஸ்ரே படங்களையும் சி.டி. தட்டுகளையும் அரிசி டின்னுக்குப் பின்னால் போட்டு மறந்துவிடாமல், அடுத்த முறை கையோடு கொண்டுபோவது பெரிய உதவி. நுரையீரலில் தெரியும் ஒரு புள்ளி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் அதே அளவில் இருந்ததா, புதிதாக வந்ததா என்பதைப் பழைய படம் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. என்றால் சிறுநீரகக் கோளாறு, முன்பு ஏற்பட்ட ஒவ்வாமை, நீரிழிவுக்கு எடுக்கும் மெட்ஃபோர்மின் மாத்திரை ஆகியவற்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

இரவில் கிடைக்கும் ரிப்போர்ட் பெரும்பாலும் தற்காலிகமானது. மூத்த நிபுணர் மறுநாள் படத்தைத் திரும்பப் பார்த்துக் கையெழுத்திடுவார். சில வேளைகளில் ஒரு வரி மாறும். ஆகவே மறுபரிசோதனைக்குப் போகும்போது "இறுதி ரிப்போர்ட் வந்துவிட்டதா?" என்று கேட்பதில் தவறேதும் இல்லை.