தோலும் காசமும் கொடுத்த வசதி

அப்பா கட்டிய குரோம்பேட்டை வீட்டை விற்றுவிடலாம் என்று தம்பி பேச்செடுத்ததிலிருந்து தரகர்கள் வந்துபோகிறார்கள். எல்லோருக்கும் ஒரே பாட்டு: "ஸ்டேஷனுக்கு நடந்தே போயிடலாம்மா. ஆஸ்பத்திரி, காலேஜ், ஏர்போர்ட், எல்லாம் கைக்கெட்டுற தூரம்." இந்த வசதிகள் வந்த கதையைச் சொன்னால் விலை இறங்கிவிடுமோ என்று நான் வாயைத் திறப்பதில்லை. நகரம் தன் வாசலில் வைத்துக்கொள்ளக் கூசியதைத் தெற்கே தள்ளித் தள்ளி உண்டான வட்டாரம் இது.

முதலில் தோல். ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதனிடுவதுதான் மதராஸ் வழக்கம். குரோமிய உப்பால் பதனிடும் முறையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே சோதித்துக் காட்டியவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டிய தோல், இதில் சில நாளில் தயார். ஈரம் தாங்கும் என்பதால் கவலை இறைக்கும் சாலுக்குக்கூட ஏற்றது. பின்னால் பல்லாவரத்தை ஒட்டி வந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயர்தான் எங்கள் பேட்டையின் பெயர். தோல் ஷெட் நாற்றத்துக்குப் பக்கத்தில் ஆசைப்பட்டு மனை வாங்க யார் வருவார்கள்?

அடுத்தது காசநோய். இங்கிலாந்தில் காசநோய் மருத்துவமனை நடத்திய டாக்டர் சவுரி முத்து, 1928இல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கினார். அன்றைக்கு அந்த நோய்க்கு மருந்து கிடையாது. காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு, அவ்வளவுதான் வைத்தியம். காற்று வேண்டுமென்றால் ஊருக்கு வெளியேதானே போக வேண்டும்! என் சிறுவயதில்கூட ரயில் சானடோரியத்தில் நின்றால் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். இப்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் பக்கத்துத் தெருவில் ஃபிளாட் விற்கிறார்கள்.

1931இல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் கோட்டை குமாஸ்தாக்களுக்கு இந்தப் பக்கம் கண்ணில் பட்டது. அப்பாவும் அப்படி வந்தவர்தான். கையில் சீசன் டிக்கெட். மாம்பலத்தில் வாங்கக் கட்டுப்படியாகாத ஒரு கிரவுண்ட் இங்கே கட்டுப்படியானது. மெட்ராஸ் டெரஸ் போட்ட இரண்டு அறை, கொல்லையில் கிணறு, தெருவிளக்கு இல்லாத மண் தெரு. பாத்திரம், செடி, முறம் வேண்டுமென்றால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. பல்லாவரத்தில்தான் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கோடாரியைக் கண்டெடுத்தார். எங்களுக்குத் தெரிந்ததோ அங்கே விற்ற அம்மிக்கல்தான்.

வசதிகளில் எனக்கு வியப்பு தீராதது எங்கள் பேட்டையின் எம்ஐடிதான், மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி. சி. ராஜம் நகரத்திலிருந்த தன் 'இந்தியா ஹவுஸ்' மாளிகையை விற்று 1949இல் அதை நிறுவினார். அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தது அங்கேதான். ஒருவர் தன் வீட்டை விற்றார், எங்கள் வீட்டுக்கு விலை ஏறியது. மீட்டர் கேஜ் 2004இல் நின்று அகலப்பாதை ரயில் மட்டுமே ஓடத் தொடங்கியபோது மண் தெரு என்று சொல்ல ஒன்றுகூட மிச்சமில்லை.

தண்ணீரைப் பற்றி மட்டும் எந்தத் தரகரும் பேச்செடுப்பதில்லை. நாகல்கேணிப் பக்கம் தோல் ஷெட்டுகளின் குரோமியக் கழிவு நிலத்தடி நீரில் இறங்கியது ஊரறிந்த விஷயம். எங்கள் கிணறு இன்னும் வற்றவில்லை. அதில் பாத்திரம் கழுவுகிறோம், செடிக்கு ஊற்றுகிறோம். குடிக்கக் கேன் வாங்குகிறோம்.