தேதி போட்ட சட்டம்

ரயில் டிக்கெட்டுக்குத் தேதி உண்டு. மருந்துப் புட்டிக்கும் உண்டு. சட்டத்துக்கு மட்டும் ஏன் கூடாது என்று என் வக்கீல் நண்பர் கேட்டார். குறித்த காலத்தில் ஒவ்வொரு சட்டமும் தானாகச் செத்துப் போகட்டும், தேவையானால் சட்டசபை மறுபடி உயிர் கொடுக்கட்டும் என்பது அவர் கட்சி. உடனே தலையாட்டிவிட்டேன். கதை எழுதுகிறவன் எவனும் நன்றியோடு நினைக்க வேண்டிய ஒரு சாவு அப்படித்தான் நேர்ந்தது.

1662-இல் இங்கிலாந்தில் அச்சுத் தொழிலுக்கு லைசென்ஸ் சட்டம் வந்தது. அதிகாரியின் அனுமதி முத்திரை இல்லாமல் எதையும் அச்சிடக் கூடாது. லண்டனில் அச்சகத் தலைவர்கள் இருபது பேருக்கு மேல் இருக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் வீடு புகுந்து துழாவலாம். துழாவுவதில் லெஸ்ட்ரேஞ்ச் என்ற அதிகாரி மகா கெட்டிக்காரர். இந்தச் சட்டத்துக்கு முதலில் வைத்த ஆயுள் இரண்டே வருஷம்! புதுப்பித்துப் புதுப்பித்து 1679 வரை ஓட்டினார்கள். அப்போது ஒரு தடவை மூச்சு நின்றது. 1685-இல் மறுபடி எழுப்பி உட்கார வைத்தார்கள்.

1695-இல் காலாவதியாகும் சட்டங்களின் ஜாபிதா பார்லிமெண்டுக்கு வந்தது. காமன்ஸ் சபை இதை மட்டும் அடித்துவிட்டது. பிரபுக்கள் சபை திரும்பச் சேர்த்தது. காமன்ஸ் மறுத்துக் காரணங்களை எழுதி அனுப்பியது. தத்துவஞானி ஜான் லாக், தம் சிநேகிதரான அங்கத்தினர் ஒருவர் மூலம் முன்பே ஆட்சேபங்களைச் சொல்லியிருந்தார். ஆனாலும் சபையின் காரணங்களில் எழுத்துச் சுதந்திரம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது என்று பிற்காலத்தில் மெக்காலே எடுத்துக் காட்டினார். புத்தக வியாபாரிகள் சங்கத்தின் ஏகபோகம், சுங்கச் சாவடியில் கிடந்து பாழாகும் புத்தக மூட்டை, இப்படிச் சில்லறைப் புகார்கள்தான். பிரபுக்கள் விட்டுக்கொடுத்தார்கள். சட்டம் போயிற்று. 1702-இல் லண்டனில் தினசரிப் பத்திரிகையே வந்துவிட்டது. கொள்கைக்காக எழுந்து நின்று இதை ஒழிக்கச் சொல்லியிருந்தால் அந்தச் சபை ஒழித்திருக்குமா? எனக்குச் சந்தேகந்தான். அதுவாகச் சாகப் போனதைத் தடுக்காமல் இருந்தார்கள், அவ்வளவே.

இதை நண்பரிடம் உற்சாகமாகச் சொல்லி முடித்த பிறகுதான் நம் வீட்டுக் கதை நினைவுக்கு வந்தது, உற்சாகம் இறங்கிவிட்டது. விசாரணையின்றிக் காவலில் வைக்கும் தடுப்புக் காவல் சட்டம், 1950 பிப்ரவரியில் நம் பார்லிமெண்டில் அவசரமாக நிறைவேறியது. கொண்டு வந்தவர் சர்தார் படேல். இதற்காகத் தாம் தூக்கம் இழந்ததாக அவரே சபையில் சொன்னார். 1951 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு அது முடிய வேண்டும். சென்னைச் சிறையில் இருந்த ஏ. கே. கோபாலன் அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். ஒரு பிரிவு மட்டுமே விழுந்தது, சட்டம் நின்றது. கெடு வந்தபோதெல்லாம் நீட்டினார்கள். 1954-க்குப் பிறகு மூன்று மூன்று வருஷமாக. தூக்கம் இழந்ததாக அப்புறம் யாரும் சொன்னதாக நான் படித்ததில்லை.

1969 டிசம்பர் 31-ஆம் தேதி அது காலாவதியாயிற்று. காங்கிரஸ் பிளந்து, சர்க்கார் இடதுசாரிகளின் தயவில் நின்ற சமயம். நீட்டுவதற்குக் கை போதவில்லை. 1971-இல் 'மிசா' வந்தது. அதற்குத் தேதியே போடவில்லை.