சொசைட்டி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், என் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் நான் கற்றுக்கொண்ட முதல் ஆங்கிலச் சொல் ‘சொசைட்டி’. அது ஆங்கிலம் என்று அப்போது தெரியாது. பெரியப்பா சொசைட்டிக்குப் போயிருக்கிறார் என்றால் பட்டும் ஜரிகையும் வாங்கப் போயிருக்கிறார், அல்லது நெய்த சேலையைக் கொடுத்துக் கூலி வாங்கப் போயிருக்கிறார் என்று பொருள். சொசைட்டி தறி, சொசைட்டி சேலை, சொசைட்டி ஆள். பின்னால் கல்லூரியில் ஒருவர் ‘இந்த சொசைட்டியே அழுகிவிட்டது’ என்று முழங்கியபோது, ஜரிகையில் ஏதோ கலப்படம் போலிருக்கிறது என்றுதான் ஒரு கணம் நினைத்தேன்.

ரேமண்ட் வில்லியம்ஸ் 1976இல் வெளியிட்ட ‘கீவேர்ட்ஸ்’ நூலில் இந்தச் சொல்லுக்குச் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார். லத்தீன் மூலத்தில் அது தோழமை. ஒருவரையொருவர் அறிந்த சிலரின் கூட்டம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் நடமாடி, படிப்படியாக, நாம் எல்லோரும் அகப்பட்டுக்கொண்டிருக்கும் முகமற்ற பெரிய அமைப்பு என்றாகிவிட்டது. நம் கட்டுரைகளில் புழங்குவது இந்தப் பிந்தைய சொசைட்டி. அப்படிப் பார்த்தால் பெரியப்பாவின் உபயோகம் கொச்சை அல்ல. சொல்லின் பழைய அர்த்தத்துக்கு எங்களைவிட அவர்தான் நெருக்கம்.

தமிழுக்கு வந்ததும் இச்சொல் பல வேஷம் போட்டது. பாதிரிமார்களுக்கு இயேசு சபை, அடையாற்றுக்காரர்களுக்குப் பிரம்மஞான சபை, கடன் கொடுத்தால் சங்கம், மேடையில் சமுதாயம். சினிமாவின் சொசைட்டியில் கிளப்புக்குப் போகிறவர்கள் மட்டும் உண்டு, அதை விட்டுவிடலாம்.

நெசவாளியின் சொசைட்டிக்குக் குறிப்பான சரித்திரம் இருக்கிறது. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில், நெசவாளர்களும் அடங்கிய 28 பேர் ஒரு கூட்டுறவுக் கடை வைத்தார்கள். அதன் பெயரிலேயே சொசைட்டி இருந்தது. சென்னை மாகாணத்தில் பிரடெரிக் நிக்கல்சன் 1895இல் கொடுத்த அறிக்கை ஜெர்மானியக் கிராமக் கடன் சங்கங்களைச் சிபாரிசு செய்தது. 1904இல் சட்டம் வந்தது. அதே வருஷம் செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில் ஒரு கிராமச் சங்கம். அக்டோபரில் காஞ்சிபுரத்தில் நகரக் கடன் சங்கம். இந்தியாவில் பதிவான முதல் நகரச் சங்கம் அது என்று சொல்லப்படுகிறது. ஆனால் அந்தச் சட்டம் அனுமதித்தது கடனை மட்டுமே. நூல் வாங்கவும் சேலை விற்கவும் சங்கம் வைக்க 1912 சட்டம் வரவேண்டியிருந்தது. பிற்பாடு கோ-ஆப்டெக்ஸ் ஆன மாகாணச் சங்கம் 1935இல்தான்.

இவையெல்லாம் சீமையிலிருந்து இறங்கிய சரக்கு என்று நினைப்பவர்கள் உத்தம சோழனின் செப்பேடுகளைப் பார்க்கலாம். பத்தாம் நூற்றாண்டின் கடைசியில், கச்சிப்பேட்டின் ஊரகத்துக் கோயில் பொன்னை வட்டிக்கு வாங்கியவர்களில் இந்நகரத்துச் சேரியார் உண்டு. கோயில் காரியத்தைக் கவனிக்கும் பொறுப்பு பட்டசாலிகள் என்ற நெசவாளரிடம் விடப்பட்டது. முதலும் வட்டியும் கணக்கும் தெரிந்த ஒரு கூட்டம் அது. அதற்கு ஆங்கிலப் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

‘சமுதாயம்’ என்ற சொல்லும் நாம் நினைப்பதுபோல அருவமானது அல்ல. எல்லிஸ் 1818இல் மிராசு உரிமை பற்றி எழுதியது இந்தத் தொண்டைமண்டலத்து வழக்கத்தை வைத்துத்தான். அந்த வழக்கில் சமுதாயம் என்பது பங்காளிகள் ஊர் நிலத்தைப் பிரித்துக்கொள்ளாமல் பொதுவில் வைத்திருக்கும் ஏற்பாடு. பங்கு இருப்பவனுக்குத்தான் சமுதாயம். அந்த நிலத்தில் இறங்கி உழுத பண்ணையாள் அதற்குள் இல்லை. இன்று மேடையில் ‘சமுதாயமே’ என்று விளிக்கிறவர்கள் யாரையெல்லாம் விளிக்கிறார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

சொசைட்டியிலும் அந்தக் கரை இருந்தது. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். நெய்பவர் கைக்கு எட்டாத பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். பெரும்பாலும் அது ஒரு பையன். கோடை விடுமுறையில் பெரியப்பா தறியில் நானும் இரண்டு வாரம் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாம் நாளே முதுகு பிடித்துக்கொண்டது. மற்ற மாதங்களில் அங்கே உட்கார்ந்தவனுக்கு என் வயசுதான். அவனுக்கு விடுமுறை என்று ஒன்று இல்லை, பள்ளிக்கூடமே இல்லை. ஊடைக்குத் தார் சுற்றியது பெரியம்மா, விடியற்காலையிலிருந்து. ஆக ஒரு சேலைக்கு மூன்று பேர். சங்கத்து உறுப்பினர் புத்தகத்தில் ஒரு பெயர்.

பெரியப்பாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. முதலாளி தறியில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவர், சொசைட்டியில் சேர்ந்த பிறகு பொதுக்குழுவில் எழுந்து நின்று பேசியதை நான் பார்த்திருக்கிறேன். பங்குச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். தீபாவளிக்குப் போனஸ் வந்தால் வீட்டில் எல்லோருக்கும் துணி. கோர்வைப் பையனுக்கும் ஒரு சட்டை.

பெரியம்மா மட்டும் ‘நம்ம சொசைட்டி’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘உங்க பெரியப்பா சொசைட்டி’ என்பாள். அவர் போன பிறகும் அப்படியேதான் சொன்னாள்.