மூடிய பலகைக்குள் தங்கிய ஈரம்

1810ஆம் ஆண்டு, தேம்ஸ் ஆற்றங்கரை டெட்ஃபோர்டில் ‘குயின் சார்லட்’ நீரில் இறக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பீரங்கிகளைத் தாங்கவல்ல அப்போர்க்கப்பல், கடற்பணிக்குப் புறப்படுமுன்னரே உள்ளுக்குள் இற்றுப்போனது. 1812இல் இயற்கை அறிஞர் ஜேம்ஸ் சவர்பி அழைக்கப்பட்டு, அதன் மரங்களில் படர்ந்திருந்த பூஞ்சைகளை ஆராய்ந்தார். நெப்போலியப் போர்க்காலத்தில் ஓக் மரம் அருகிவிட்டிருந்தது. முற்றும் உலராத மரமும் கப்பலேறியது. காற்றோட்டமற்ற இடுக்குகளில் ஈரம் வெளியேற வழியின்றித் தங்கியது.

உலர்ந்த மரத்தின் எடையில் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழிருப்பின் பூஞ்சை வளர்வது அரிது. ஈர மரத்தின்மேல் பூசப்படும் இறுகிய பூச்சு, வெளிநீரைத் தடுக்கும் அதே வேளையில் உள்நீரையும் சிறைவைக்கிறது.

ஓக் பஞ்சமே பிரித்தானியக் கடற்படையைப் பம்பாய்க்குத் திருப்பிய காரணங்களுள் ஒன்று. ஜம்சேட்ஜி பொமன்ஜி வாடியா கட்டிய ‘டிரிங்கோமலி’ 1817 அக்டோபர் 12 அன்று அங்கு நீரில் இறங்கியது. இங்கிலாந்தின் ஹார்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. தேக்கின் இயற்கை எண்ணெய் பூஞ்சையை எதிர்க்கும். ஓக்கின் அமிலம் இரும்பு ஆணிகளை அரிக்கும். தேக்கில் அத்தீங்கு குறைவு.

ஆயினும் மரத்தேர்வு மட்டும் போதாது. கரையேற்றப்பட்ட பழைய மரக்கலத்தின் பலகைகள் உலர்ந்து சுருங்கும், இடுக்குகள் அகலும். அவ்வேளையில் இறுகும் பசையால் அவற்றை நிரப்பினால், மீண்டும் நீரில் இறங்கிப் பருக்கும் பலகைக்கு இடமிராது. பலகையோ உள்வாரியோ பிளக்கும். இடுக்கில் நார் திணிக்கும் கலப்பற்று வேலை இதற்கு இடங்கொடுக்கிறது. பேப்பூரில் உரு கட்டுவோர் எண்ணெயில் தோய்ந்த பஞ்சுத்திரியைப் பலகைகளுக்கிடையே அடித்து இறுக்குவர். பலகை பருக்கும்போது திரி நசுங்கி வழிவிடும், நீர்க்கசிவும் நிற்கும்.

இன்று பழைய மரக்கலங்களுக்குக் கண்ணாடி இழைப் போர்வை எளிய தீர்வாகத் தோன்றுகிறது. உள்ளிருக்கும் ஈரத்தை அளவாமல் போர்த்தினால் ‘குயின் சார்லட்’டின் கதையே மீளும், வெளிப்புறம் பளபளக்க, உள்மரம் இற்றுக்கொண்டிருக்கும்.

கப்பல் வரலாறு சவர்பியையும் வாடியாவையும் பெயர்சொல்லி நினைவுகூர்கிறது. திரி அடித்த கைகளுக்கு அதில் பெயரில்லை. எந்தப் பருவத்தில், எவ்வளவு உலர்ந்த பலகையில், எத்துணை இறுக்கத்தில் திரி அடிக்க வேண்டும் என்பது அக்கைகளின் அறிவு. அதனைப் பதிவுசெய்யாமல் கலத்தை மட்டும் காப்பது பாதிக் காப்பே.