பழைய லாரி இன்ஜின் வாங்கப் போறீங்களா? வண்டியில் ஏற்றும் முன் தரையில் வைத்தே பார்க்க வேண்டியவை

"கண்ணு, சிவாஜிநகர்ல ஒரு இன்ஜின் இருக்குதாமா. நம்ம வண்டிக்குச் சேரும்கறாங்க. நீ அங்கதான இருக்கற, ஒரு எட்டு போயி பாத்துட்டு வந்துரு."

சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ ஒற்றை லாரி வைத்திருப்பவரின் பிள்ளையாக நீங்கள் பெங்களூரில் வேலை பார்த்தால், இப்படி ஒரு போன் என்றாவது வரும். வண்டி ஷெட்டில் நிற்கிறது. ஃபைனான்ஸ் தவணை நிற்கவில்லை. புது இன்ஜின் கட்டுப்படியாகாது. பழைய இன்ஜினுக்கான பணம் பெரும்பாலும் உங்கள் சேமிப்பில் இருந்துதான் போகும்.

தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அவர் எதைப் பார்க்கிறார், ஏன் பார்க்கிறார், எதை விட்டால் நீங்கள் கேட்க வேண்டும் என்பது இங்கே.

முதலில் ஒரு கணக்கு. லாரி இன்ஜின் 400 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். செயின் பிளாக் போட்டு இறக்கி ஏற்றும் பொருள். கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் தரையில் இருக்கும்போது மாற்றினால் கொஞ்ச நேர வேலை. அதே சீல் வண்டியில் ஏற்றிய பிறகு ஒழுகினால் கியர்பாக்ஸ், கிளட்ச், ஃபிளைவீல் எல்லாம் இறங்க வேண்டும். சீல் விலை அதேதான், கூலியும் ஓடாத நாட்களும்தான் உங்களைச் சாய்க்கும். பழைய இன்ஜினில் ஏமாந்தவர்கள் பெரும்பாலும் வாங்கிய விலையில் ஏமாந்தவர்கள் இல்லை, இங்கே ஏமாந்தவர்கள்.

எங்கே, எந்த இன்ஜின்?

பெங்களூரில் பழைய உதிரிபாகம் என்றால் சிவாஜிநகர் குஜ்ரி. குஜ்ரி என்றால் கன்னடத்தில் காயலான் சரக்கு. சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை மாதிரி. கேஸ்கட் செட், ரிங், பேரிங் போன்ற புது சாமான்களுக்கு ஜே.சி. ரோடு. லாரி ஆபீஸ்களும் லாரிக்காரர்களும் நிறைந்த காலாசிபாளையம் அதை ஒட்டியே இருக்கிறது.

இன்ஜினின் பெயரே பாதி விவரம் சொல்லும். டாடா 697 என்றால் 6 சிலிண்டர், 97 மி.மீ. போர். 407 வண்டிகளில் வந்த 497 என்றால் 4 சிலிண்டர், அதே 97 மி.மீ. கம்மின்ஸ் 6பிடி என்றால் 6 சிலிண்டர், பி வரிசை, டர்போ, கொள்ளளவு 5.9 லிட்டர். டாடாவும் கம்மின்ஸும் 1993-ல் கூட்டு நிறுவனம் தொடங்கி, ஜாம்ஷெட்பூரில் இந்த பி வரிசை இன்ஜின்களைத் தயாரித்தன.

இன்னொரு முக்கியமான பிரிவு, டீசல் பம்ப். பழைய இன்ஜின்களில் மெக்கானிக்கல் பம்ப். நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்பில் அதை 'மைக்கோ பம்ப்' என்பார்கள். மைக்கோ என்பது 1951-ல் தொடங்கி, பெங்களூர் ஆடுகோடியில் ஆலை வைத்திருந்த மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி. 2008-ல் அதன் பெயர் பாஷ் என மாறியது. நீங்கள் வாடகைக்கு இருக்கும் மைக்கோ லேஅவுட்டின் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். பி.எஸ். 4 (நாடு முழுவதும் 2017 ஏப்ரல் 1 முதல்), பி.எஸ். 6 (2020 ஏப்ரல் 1 முதல்) வண்டிகளில் பெரும்பாலும் காமன் ரெயில். அந்த இன்ஜினை வாங்கினால் இ.சி.யு., வயரிங், சென்சார் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். அவை இல்லாத காமன் ரெயில் இன்ஜினை மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது வெறும் இரும்பு.

ஆயிலுக்கு முன்னால் நம்பரைப் பாருங்கள்

மெக்கானிக் நேரே டிப்ஸ்டிக்கை உருவுவார். நீங்கள் பிளாக்கில் பொறித்திருக்கும் இன்ஜின் நம்பரைப் பாருங்கள். எழுத்துகள் ஒரே சீராக இருக்கின்றனவா? அந்த இடம் மட்டும் கிரைண்டர் பட்டு வழவழப்பாக இருக்கிறதா? புது சில்வர் பெயின்ட் அடித்திருக்கிறதா? சந்தேகம் வந்தால் அங்கேயே கிளம்பிவிடலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் வழக்கு வரும்.

இன்ஜின் எந்த வண்டியில் இருந்து இறங்கியது என்று கேட்டு, அந்த ஆர்.சி.யின் நகலையும் முறையான பில்லையும் வாங்குங்கள். பில்லில் இன்ஜின் நம்பர் இருக்க வேண்டும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டல் போலீஸ் தளத்தில் பதிவு எண், சேசிஸ் எண், இன்ஜின் எண் கொடுத்து, வண்டி களவு போனதாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. போனில் நாம் செய்யும் வேறு எந்தச் சரிபார்ப்பையும் விட இதற்கு மதிப்பு அதிகம்.

உங்கள் வண்டியின் ஆர்.சி.யிலும் இன்ஜின் நம்பர் மாற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிவிட்டு மாற்ற வேண்டும். மாற்றிய 14 நாட்களுக்குள் தெரிவித்துப் பதிய வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு, அதே கம்பெனி, அதே வகை இன்ஜினை முன் அனுமதி இல்லாமல் மாற்றிக்கொள்ள மாநில அரசு அனுமதி தரலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. ஒற்றை லாரிக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. வண்டி விபத்தில் சிக்கி இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து நிற்கும்போது பிளாக்கில் ஒரு நம்பர், ஆர்.சி.யில் வேறு நம்பர் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன் சார்

காட்டட்டும். ஆனால் நீங்கள் போகும் முன்பே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். தேய்ந்த இன்ஜினின் குறை பச்சை ஸ்டார்ட்டில்தான் வெளியே வரும்.

ஸ்டார்ட்டுக்கு முன் ஆயிலைப் பாருங்கள். மோர் கலந்தது போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது: ஹெட் கேஸ்கட், ஆயில் கூலர், அல்லது விரிசல். கன்னங்கரேல் என்று இருப்பதில் தவறில்லை, டீசல் இன்ஜின் ஆயில் அப்படித்தான் இருக்கும். மாறாக, ஆயில் தேன் மாதிரி புத்தம் புதிதாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்: நேற்று எதற்கு மாற்றினார்கள்? அடுத்து, முன்பக்க புல்லி போல்ட்டில் நீள ஸ்பேனர் போட்டு கிராங்க்கைக் கையாலேயே முழுதாக இரண்டு சுற்று சுற்றச் சொல்லுங்கள். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் எல்லா சிலிண்டரும் தன் வேலையை ஒரு முறை முடிக்க இரண்டு சுற்று வேண்டும். எங்காவது கெட்டியாக நின்றால் அதற்கு மேல் பேச்சு வேண்டாம்.

ஓடும்போது மூடியைத் திறந்து 'பேக் கம்ப்ரஷன்' பார்ப்பது நம் மெக்கானிக்குகளின் பழைய சோதனை, நல்ல சோதனையும்கூட. ஆயில் ஊற்றும் மூடியைத் தலைகீழாக அந்த வாயின் மேல் வையுங்கள். லேசாக ஆடினால் சரி. துள்ளி விழுந்தால், அல்லது அந்த வழியாகப் புகை குபுகுபுவென வந்தால், ரிங் அல்லது போர் தேய்ந்து எரிவாயு கீழே இறங்குகிறது. எக்ஸாஸ்ட்டில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் எரியாத டீசல் அல்லது தண்ணீர். கரும்புகைக்கு நாசில், பம்ப், டர்போ, ஏர் ஃபில்டர் என்று பல காரணம் உண்டு. அது மட்டும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, விலை பேசலாம்.

கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. எவ்வளவு பி.எஸ்.ஐ. காட்டியது என்பதை விட ஆறு சிலிண்டருக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால், பிரச்சினை அந்த ஒன்றில். 6பிடி-யில் சூடான ஐடிலில் ஆயில் பிரஷர் குறைந்தது 10 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் பேரிங்கைச் சந்தேகப்படலாம். அந்த இன்ஜினில் தனி லைனர் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். போர் தேய்ந்தால் பிளாக்கையே லேத்துக்கு அனுப்ப வேண்டும். லைனர் உள்ள இன்ஜினில் போல கழற்றிப் புதிது போட முடியாது.

விற்பவர் ஒத்துக்கொண்டால் ஆயில் ஃபில்டரைக் கழற்றி, தகரத்தை வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்துப் பாருங்கள். செம்பு நிற மினுக்கு பேரிங்கில் இருந்து வருகிறது. காந்தத்தில் ஒட்டாத வெள்ளி நிறத் துகள் பிஸ்டனாக இருக்கலாம். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, எஃகு பாகங்கள். ஒரு லேப் ரிப்போர்ட்டுக்கு இணையான தகவல் அந்தக் காகிதத்தில் இருக்கிறது.

வாங்கியாச்சு, இனி?

அவசரப்பட்டு ஏற்றாதீர்கள். அப்பா தினமும் போன் செய்வார், பரவாயில்லை.

ஆயில் சம்ப்பை இறக்கி, ஒரு மெயின் பேரிங், ஒரு கனெக்டிங் ராட் பேரிங் மட்டும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஷெல் சாம்பல் நிறத்தில் சீராக இருந்தால் அப்படியே மூடலாம். செம்பு தெரிந்தாலோ கோடு விழுந்திருந்தாலோ எல்லாவற்றையும் திறந்தாக வேண்டும். சம்ப் திரும்ப மாட்டும்போது அனாபாண்டை அள்ளிப் பூச விடாதீர்கள். பிதுங்கி உள்ளே விழும் துணுக்கு ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும்.

கிராங்க்கின் முன், பின் ஆயில் சீல்கள், பிளாக்கின் பக்கவாட்டில் அடித்திருக்கும் வட்டத் தகர மூடிகள், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ், பெல்ட், இன்ஜின் மவுண்டிங் ரப்பர்: இவை நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங்கும் அப்படியே. ஃபிளைவீல் முகத்தில் கோடு இருந்தால் லேத்துக்கு. டர்போ ஷாஃப்ட்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மிக லேசான ஆட்டம் சகஜம். முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை உறையில் உரசியிருந்தாலோ ஆகாது. நாசில்களையும் பம்ப்பையும் கேலிபரேஷன் பெஞ்சில் போடுங்கள். இங்கே மிச்சம் பிடித்தால் டீசல் செலவில் மாதாமாதம் திருப்பிக் கொடுப்பீர்கள். 6பிடி-யில் வால்வு இடைவெளியைக் குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ. வைக்க வேண்டும்.

12 வால்வு 6பிடி-க்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. இதே இன்ஜின் 1989-ல் அமெரிக்காவில் டாட்ஜ் ரேம் வண்டிகளிலும் வந்தது. அங்கே ஒரு சின்ன எஃகு ஊசிக்கு 'கொலைகார டவல் பின்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். டைமிங் கியர் கூட்டைப் பிளாக்கில் சரியாக உட்கார வைக்கும் பின் அது. வருஷக்கணக்கான அதிர்வில் மெல்ல வெளியே வந்து கியர்களுக்கு நடுவே விழுந்தால் கூடே உடைந்துவிடும். முன்பக்க சீல் மாற்ற எப்படியும் அந்தப் பக்கம் கை வைக்கிறீர்கள். டைமிங் கவரையும் கழற்றி, பின்னை உள்ளே தட்டி, பக்கத்து போல்ட்டின் கீழ் சிறு தகடு ஒன்றை வைத்து அணை கட்டிவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டில் ஒரு பலகை

டீசல் லைனில் ஏர் எடுத்த பிறகு, ஸ்டாப்பரை இழுத்துப் பிடித்தபடி, செல்ஃப் மோட்டார் சூடேறாமல் விட்டு விட்டுச் சுற்றுங்கள். ஆயில் பிரஷர் முள் அசைந்த பிறகுதான் ஸ்டார்ட். பக்கத்தில் ஒருவர் தடிமனான மரப்பலகையோடு நிற்கட்டும். பம்ப் ராக் சிக்கினாலோ டர்போ வழியாக ஆயில் உள்ளே போனாலோ, சாவியை அணைத்தாலும் டீசல் இன்ஜின் நிற்காமல் வேகமெடுத்து ஓடும். அப்போது காற்று உறிஞ்சும் வாயைப் பலகையால் மூடினால்தான் நிற்கும். கையாலோ துணியாலோ மூடப் போகக் கூடாது, இழுத்துவிடும்.

இருபது நிமிடம் ஓடவிட்டு ஒழுகல் பார்த்து, ஒரு சிறு ட்ரிப் போய் வந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரை மறுபடி வெட்டி விரித்து ஒரு போட்டோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காகிதம் சுத்தமாக இருந்தால் லோடு ஏற்றலாமா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.