மாரிமுத்து (இயக்குநர்)

மாரிமுத்து (1967 - செப்டம்பர் 8, 2023) ஒரு தமிழ்த் திரைப்பட இயக்குநரும், கதாசிரியரும், நடிகரும் ஆவார். எதிர்நீச்சல் என்னும் தொலைக்காட்சித் தொடரில் ஏற்ற ஆதிமுத்து குணசேகரன் வேடத்தின் மூலம் பரவலாக அறியப்பட்டார்.

வாழ்க்கைக் குறிப்பு

தேனி மாவட்டத்தின் வருசநாட்டுப் பகுதியில் உள்ள பசுமலைத்தேரி இவரது சொந்த ஊர். வைகை ஆறு உற்பத்தியாகும் மலைகளை ஒட்டிய பகுதி இது. திரைப்பட இயக்குநராகும் விருப்பத்துடன் 1990 இல் வீட்டை விட்டு வெளியேறிச் சென்னை வந்தார். தொடக்கத்தில் உணவகங்களில் பரிமாறுபவராகப் பணியாற்றினார். இலக்கிய ஆர்வத்தால் கவிஞர் வைரமுத்துவின் அறிமுகம் கிடைக்க, அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

இயக்குநராக

ராஜ்கிரணின் அரண்மனைக்கிளி (1993), எல்லாமே என் ராசாதான் (1995) ஆகிய படங்களில் உதவி இயக்குநராகப் பணிபுரிந்தார். பின்னர் மணிரத்னம், வசந்த், சீமான், எஸ். ஜே. சூர்யா ஆகியோரிடமும் பணியாற்றினார். சென்னைக்கு வந்து ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னரே, பிரசன்னா நடித்த கண்ணும் கண்ணும் (2008) மூலம் இயக்குநரானார். இதன் கதையையும் இவரே எழுதினார். அடுத்த படமான புலிவால் (2014), சாப்பா குரிசு என்னும் மலையாளப் படத்தின் மறு ஆக்கம் ஆகும். இவர் இயக்கிய படங்கள் இவ்விரண்டு மட்டுமே.

நடிகராக

மிஷ்கினின் யுத்தம் செய் (2011) படத்தில் காவல்துறை அதிகாரியாக நடித்ததைத் தொடர்ந்து துணை வேடங்கள் பல இவரைத் தேடி வந்தன. மாரி செல்வராஜின் பரியேறும் பெருமாள் (2018) படத்தில் நாயகியின் தந்தையாக நடித்தார். சாதிக் கட்டுப்பாட்டுக்கும் மகள் மீதான பாசத்துக்கும் இடையில் தவிக்கும் வேடம் அது. ஜெயிலர் (2023) படத்திலும் நடித்துள்ளார். இந்தியன் 2 (2024) இவரது மறைவுக்குப் பின் வெளியானது.

தொலைக்காட்சி

திருச்செல்வம் இயக்கிய எதிர்நீச்சல், சன் தொலைக்காட்சியில் 2022 முதல் 2024 வரை ஒளிபரப்பானது. படித்த மருமகள்களை வீட்டுக்குள் அடக்கி வைக்கும் மூத்த அண்ணனாக இதில் நடித்தார். பெண்களை ஒடுக்கும் எதிர்மறைப் பாத்திரமாக இருந்தபோதிலும், நகைச்சுவை கலந்த வட்டாரப் பேச்சால் பார்வையாளர்களைக் கவர்ந்தார். "இந்தாம்மா, ஏய்!" என்று இவர் அதட்டும் வசனம் சமூக வலைத்தளங்களில் பரவியது. இருபதாண்டுக்கும் மேலான திரைப்படப் பணி தராத புகழை இத்தொடர் அவருக்குத் தந்தது.

மறைவு

செப்டம்பர் 8, 2023 அன்று சென்னையில் எதிர்நீச்சல் தொடருக்குப் பின்னணிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது உடல்நலம் குன்றி, மாரடைப்பால் காலமானார். உடல் பசுமலைத்தேரிக்குக் கொண்டு செல்லப்பட்டு இறுதிச் சடங்குகள் நடைபெற்றன. அவருக்குப் பின் குணசேகரன் வேடத்தை எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி ஏற்றார்.